பதுளையில் பதினொரு கடல்கள்

இலங்கையின் ஊவா மாகாணத்துக்குக் கடற்கரை கிடையாது. நான்கு பக்கமும் மலை, மலைக்கு மேலே மேகம், மேகத்துக்குக் கீழே குடை. அப்படிப்பட்ட மாகாணத்தில், பதுளை நகரத்துக்குள் மட்டும் ஒரு காலத்தில் பதினொரு கடல்கள் இருந்தன என்று சொன்னால், எனக்கு வயதாகிவிட்டது என்பீர்கள். வயதானது உண்மைதான். ஆனால் பதினொன்றையும் நான் நடந்துபோய் எண்ணியிருக்கிறேன். எங்கள் முதலாளி பன்னிரண்டு என்று சாதிப்பார். அந்தப் பன்னிரண்டாவதைக் கடல் என்று ஒப்புக்கொள்வதா இல்லையா என்பது எங்களுக்குள் இன்றுவரை தீராத வழக்கு.

இத்தனை கடலையும் கொண்டுவந்து சுவர்களில் ஊற்றியவர் ஒரே மனிதர். கடலைப் பற்றி அவரைப்போல் யோசித்தவர் உலகத்தில் இன்னொருவர் இருந்திருக்க முடியாது. அவர் கடலைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். பஜாரில் யாரும் கேட்டதில்லை. எல்லாருக்கும் அவர் ‘உப்பு’.

நான் அப்போது பஜாரில் ஒரு ஹாட்வெயார் கடையில் கணக்கெழுதும் கிளாக்கர். ஆணி, கீல், தகரம், தார், சுண்ணாம்பு எல்லாம் விற்போம். முதலாளி ஹஜ்ஜுக்குப் போய்வந்தவர். கோபக்காரர், ஆனால் கோபம் ஒரு பிளேன்டீ குடித்து முடிப்பதற்குள் ஆறிவிடும். ஒரு மழை நாளில் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஒரு மனிதர் கடைக்குள் வந்தார். சுண்ணாம்பு கேட்டார். நான் நிறுக்கப் போனேன். திரும்பிப் பார்த்தால், மனிதர் கடைச் சுவரில் முகத்தைப் பதித்து நின்றார். அழுகிறாரோ என்று நினைத்தேன். இல்லை, நக்கிக்கொண்டிருந்தார்.

“கிளாக்கர், இந்த மனுசன் என்ட செவர நக்குறான்” என்றார் முதலாளி, மிகவும் தாழ்ந்த குரலில்.

வந்தவர் நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு திரும்பினார். “மொதலாளி, தப்பா நெனைக்காதீங்க. உங்க செவரு சப்புன்னு இருக்குங்க.”

“என்ன ஈக்கு?”

“சப்புன்னு. உப்புப் பத்தலைங்க. சுண்ணாம்புல உப்புக் கலந்து அடிச்சாத்தான் மழைக்கு நிக்கும். இது அடுத்த மழைக்கு உரிஞ்சிரும்.”

“அதுக்கு நக்கித்தான் பாக்கணுமா?”

“வேற எப்படிங்க பாக்குறது?”

அன்று மாலைக்குள் அவருக்கு ‘உப்பு’ என்று பெயர் விழுந்துவிட்டது. எங்கள் சுவருக்கு மறுபடி வெள்ளை அடிக்கும் வேலையும் அவருக்கே கிடைத்தது. அதன் பிறகு பஜாரில் அவர் நக்காத சுவர் இல்லை. எந்தக் கடைக்குள் போனாலும் கைகூப்புவார், நலம் விசாரிப்பார், பிறகு ஒரு நக்கு. பேங்க் சுவரை நக்கப் போய்க் காவல்காரரிடம் அடி வாங்கியதும் உண்டு.

ஆள் வந்தது ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து. அங்கே தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு வெள்ளை அடிப்பது அவர் வேலை. கொழும்பிலிருந்து பெரிய துரை பார்வையிட வரும் காலத்தில் லயச் சுவர்களுக்குக் கீழே ஒரு பட்டை தார், மேலே சுண்ணாம்பு அடிப்பார்கள். உள்ளே கூரை ஒழுகினாலும் வெளியே கல்யாண வீடுபோல் இருக்க வேண்டும். உப்பு அதில் கெட்டிக்காரர். தாயில்லாத ஒரே மகள், ராமாயி. தோட்டத்து ஜனங்களில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. அவளை மணம் முடித்துக் கொடுத்த வீட்டாருக்கு இந்தியாவுக்குப் போக வேண்டும் என்று காகிதம் வந்தது. இவருடைய காகிதம் வரவில்லை. “பின்னால வரும்” என்று ஆபீசில் சொன்னார்கள்.

பதுளை ஸ்டேஷனில் அவள் கோச்சி ஏறினாள். அந்தக் கோச்சிக்கு அந்த நாளில் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர். போகிறவர்கள் ஜன்னலுக்கு உள்ளேயும், இருக்கிறவர்கள் வெளியேயும் நின்று அழுவார்கள். கார்டு கொடியை ஆட்டிவிட்டுத் தானும் மூக்கைத் துடைப்பார். கோச்சி நகரும்போது ராமாயி ஜன்னல் வழியாக, “அப்பா, கடல் எப்படிப்பா இருக்கும்?” என்று கேட்டாளாம். பயத்தில்தான் கேட்டிருக்கிறாள். தலைமன்னாரில் கப்பல் ஏற வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இவருக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்வதற்குள் கோச்சி வளைவில் திரும்பிவிட்டது.

“போய்ச் சேந்ததும் ஒரு கடுதாசி போடு” என்று மருமகனிடம் சொல்லி அனுப்பியிருந்தார். கடுதாசி வரவில்லை.

அந்த ஆண்டு வெள்ளை அடிக்கும்போது, தாருக்கும் சுண்ணாம்புக்கும் நடுவே, துணிக்குப் போடும் நீலப் பொடியைக் கரைத்து லயம் முழுவதும் ஒரு பட்டை அலை தீட்டிவிட்டார். இருபது வீட்டு நீளம். தோட்டத்துத் துரை, காலையில் ஆள் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டு முடிந்து வந்து பார்த்தார்.

“என்ன இது?”

“கடலுங்க தொரை.”

“யார் கேட்டது?”

“மவ கேட்டாங்க.”

உடனே அதன்மேல் வெள்ளை அடிக்கச் சொன்னார் துரை. அடித்தார். வெளுப்பாகிவிட்டது. கொழும்புப் பெரிய துரை வந்த அன்று மழை. சுண்ணாம்பு நனைந்தால் அடியில் இருப்பது மேலே தெரியும். பெரிய துரை குடையோடு நடந்து வர, அவருக்கு இடப்பக்கத்தில் வீடு வீடாகக் கடல் கிளம்பி வந்திருக்கிறது. பெரிய துரைக்குப் பிடித்திருந்ததாம், நின்று பார்த்தாராம். ஆனால் தோட்டத்துத் துரைக்கு முகம் போன போக்கைப் பார்த்தவர்கள், உப்பின் மூட்டையைக் கட்டி அவர் கையில் அவர்களே கொடுத்துவிட்டார்கள்.

இதில் ஒரு பெரிய சங்கடம் இருந்தது. ராமாயி கடுதாசி போட்டால் தோட்டத்து விலாசத்துக்குத்தான் போடுவாள். அதனால் ஒவ்வொரு ஞாயிறும் உப்பு ஸ்பிரிங்வெளிக்கு மேடேறிப் போய், தபால் வாங்கும் இடத்தில் விசாரித்துவிட்டு, இறங்கி வருவார். வரும்போது கடை வாசலில் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் இரண்டு பக்கமும் அசைப்பார். ஞாயிறு மாலையில் எனக்கு நெஞ்செரிச்சல் வரத் தொடங்கியது அந்தக் காலத்தில்தான்.

மகள் கேட்ட கேள்விக்குப் பதில் தேடுவது என்று அவர் முடிவு செய்துவிட்டார். கடலைப் பார்த்தவர் யார் யார் என்று பஜாரில் விசாரித்தார். ஒவ்வொருவரையும் உட்காரவைத்துக் கேட்டார். கேட்டதை அவரவர் சுவரிலேயே தீட்டினார். கூலி கேட்க மாட்டார். ஒரு சோறு, ஒரு டீ.

கருவாட்டுக் கடைக்காரர், “கடல்னா மீன்தான்யா” என்றார். எப்படிப்பட்ட மீன் என்று உப்பு கேட்டபோது, கடையில் தொங்கியதைக் காட்டினார். ஆகவே அந்தக் கடலில் மீன்கள் எல்லாம் தலையில்லாமல், நடுவே பிளந்து, விரித்த புத்தகம்போல் நீந்தின. பஸ் நிலையத்து டீக்கடைக்காரர், “வெறும் தண்ணிதாம்ப்பா, வேற ஒண்ணும் இல்ல” என்றார். அவருடைய சுவர் மேலிருந்து கீழ்வரை ஒரே நீலம்.

“நல்லா இருக்கு. எப்ப ஆரம்பிக்கப்போற?” என்று கேட்டார் டீக்கடைக்காரர்.

“முடிச்சிட்டேங்க.”

திருக்கோணமலைக்கு உருளைக்கிழங்கு ஏற்றிப்போகும் லொறிக்காரர், “ரோட்டோட கூடவே ஓடிவரும்” என்றார். ஆகவே பண்டாரவளை வீதியில், லொறி நிறுத்தும் இடத்து நீளமான மதிலில் ஒரு கடல் மூச்சிரைக்க ஓடியது. சலூன்காரர் சிறுவயதில் ஓர் அலையைப் பார்த்துப் பயந்தவர். ஆள் உயரத்துக்கு எழுந்து வந்தது என்றார். அதைக் கண்ணாடிக்கு எதிர்ச் சுவரில் தீட்டிவிட்டார் உப்பு. சவரத்துக்கு உட்கார்ந்தவர்கள் கண்ணாடியில் தங்கள் தலைக்குப் பின்னால் அலை வருவதைப் பார்த்துக் குனிந்தார்கள். அந்த மாதத்தில் மட்டும் என் கணக்கில் நான்கு காது வெட்டுப்பட்டது.

எங்கள் முதலாளி மக்காவுக்குக் கப்பலில் போனவர் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். உப்பு வந்து முன்னால் குந்தினார்.

“மொதலாளி, கடல் எப்படிங்க இருந்துச்சு?”

“எனக்கென்ன தெரியும். ஏறின நேரத்தில இருந்து வாந்தி. கண்ண மூடிக்கிட்டுப் படுத்தவன், எறங்கச் செல்லித்தான் தொறந்தேன்.”

“அப்ப உங்களுக்குக் கடல் கறுப்புங்களா?”

“கறுப்புத்தான். கும்மிருட்டு.”

மறுநாள் கடையின் பின்மதில் முழுவதும் கறுப்பு. எங்கள் தாரிலேயே அடித்திருந்தார். முதலாளி அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். நான் பிளேன்டீயோடு தயாராக இருந்தேன். அவர் திரும்பி, “சரியாத்தான் போட்டீக்கான், கிளாக்கர். பாக்கவே வயித்தப் புரட்டுது” என்றார். இதுதான் வழக்கில் உள்ள பன்னிரண்டாவது கடல்.

பிறகு பதுளைக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. சாப்பாட்டு நேரத்தில் நான் குடையை எடுத்துக்கொண்டு புதிதாக எந்தச் சுவரில் என்ன வந்திருக்கிறது என்று பார்த்துவரப் போவேன். என்னைப்போல் இன்னும் பலர். “மார்க்கெட் பக்கம் ஒண்ணு வந்திருக்காம், பாத்தியா?” என்று கேட்டுக்கொள்வார்கள். பண்டாரவளையிலிருந்து காய்கறியோடு வருபவர்கள் லொறியை விட்டு இறங்கியதும் முதலில் சுவரைப் பார்ப்பார்கள். தோட்டத்து ஜனங்கள் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகுட்டிகளோடு “கடல் பாக்கப் போறோம்” என்று கிளம்பி வந்தார்கள். கச்சான் கடலை விற்பவர் டீக்கடைச் சுவர் முன்னால் தட்டை வைத்தார். வெறும் நீலச் சுவரைப் பார்த்தபடி, மழையில் நனைந்துகொண்டு, கச்சான் தின்று காற்று வாங்கிய ஜனங்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அந்த ஊரில் அந்த நாட்களில் சந்தோஷமாகப் பார்க்க வேறு என்ன இருந்தது என்று கேட்டால், எனக்கும் சொல்லத் தெரியாது. வாரத்துக்கு ஒரு கோச்சி அழுதுகொண்டு போனது.

அந்தப் பதினொன்றில் கடைசிக் கடல், எங்கள் கடைக்கும் பஸ் நிலையத்துக்கும் நடுவே உள்ள சந்தில், கடையின் பக்கச் சுவரில் வந்தது. அதில்தான் முதன்முதலாக ஒரு கப்பல். கப்பலில் ஒரே ஆள். பெருவிரல் உயரத்தில் பச்சைச் சேலை கட்டிய பெண். கோழி இறகால் தீட்டியது. மூக்குத்திகூடத் தெரியும்.

“யாரு இது?” என்றேன், தெரிந்துகொண்டே.

“நம்ம ராமாயிதாங்க கிளாக்கரய்யா. தனியா நிக்கிறா பாருங்க, பாவம்.”

அவள் தனியாக நிற்கவில்லை. அடுத்த ஞாயிறு நமுனுகுல பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “எங்க அக்காவும் அதே கப்பல்லதாண்ணே போச்சு. அதையும் ஏத்துறீங்களா?” என்று கேட்டாள். ஏற்றினார். அதற்கடுத்த ஞாயிறு சந்தில் வரிசை நின்றது.

“அண்ணே, எங்க மாமாவுக்கு ஒரு காலு கட்டை. கம்பு ஒண்ணு குடுத்து நிறுத்துங்க.”

“எங்க பெரியம்மாவ ஓரத்துல போடாதீங்க. அதுக்குத் தலைசுத்தல் இருக்கு.”

“அந்த ஆட்டையும் ஏத்துங்கண்ணே. வித்துட்டுத்தான் போனாங்க. இருந்தாலும் ஏத்துங்க.”

ஆட்டையும் ஏற்றினார். கப்பல் நிறைந்தது. உப்பு கப்பலை நீட்டினார். எங்கள் கடைச் சுவர் முடிந்து தையல்காரர் கடைச் சுவருக்குப் போனது. அங்கே நடுவில் ஒரு கதவு. காலையில் தையல்காரர் கதவைத் திறந்துகொண்டு அளவு நாடாவோடு வெளியே வந்தால், கப்பலின் நடுவிலிருந்து கேப்டன் வருவதுபோல் இருக்கும். “கப்பித்தான், எப்ப சேருவோம்?” என்று போகிறவர்கள் கேட்பார்கள். அவர் முதலில் சண்டை பிடித்தார். பிறகு, “காத்து சரியில்ல” என்று பதில் சொல்லப் பழகிக்கொண்டார்.

“கிளாக்கர், இது முங்கிப்போகும். எண்ணிப் பாத்தீங்களா?” என்றார் முதலாளி.

எண்ணினேன். இருநூற்று ஆறு பேர், ஓர் ஆடு.

இவ்வளவு பேர் இருந்தும் கப்பல் முங்காததற்கு உப்பின் ஒரு சட்டம் காரணம். போய்ச் சேர்ந்தவர் கப்பலில் இருக்கக்கூடாது. இந்தியாவிலிருந்து கடுதாசி வந்ததும் வீட்டார் சந்துக்கு வந்து, “சேந்துட்டாங்களாம்” என்று சொல்ல வேண்டும். உப்பு சுண்ணாம்பில் விரலைத் தோய்த்து அந்த ஆளை மூடுவார். காய்ந்ததும் அந்த இடத்தில் சிறிதாக ஓர் அலை. சொன்னவர்கள் அழுவார்கள், சிரிப்பார்கள், கச்சான் வாங்குவார்கள். உப்பு மட்டும், “எத்தன நாளைக்குள்ள கடுதாசி வந்துச்சு? எந்த ஊரு முத்திரை?” என்று துருவித் துருவிக் கேட்பார்.

உண்மையில் அந்தக் கடலைக் கடக்கச் சில மணி நேரம் போதும் என்று பிறகு கேள்விப்பட்டேன். எங்கள் சுவரில் சிலர் ஆண்டுக்கணக்கில் நின்றார்கள். கடுதாசி எழுதத் தெரியாதவர்கள், விலாசம் தொலைத்தவர்கள், சேர்ந்த இடத்தில் எழுதும்படியாக ஒன்றும் இல்லாதவர்கள். எல்லாருக்கும் முன்னால், பச்சைச் சேலையில், ராமாயி.

முதலாளி மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை பண்டாரவளை. அவர்கள் வருவது அந்தச் சந்து வழியாகத்தான், வீடு கடைக்குப் பின்னால் இருந்தது. முதலாளி உப்பைக் கூப்பிட்டார்.

“உப்பு, மாப்புள வீட்டாக்கள் வாராங்க. சந்துச் செவரெல்லாம் வெள்ளையா ஈக்கணும்.”

“அடிச்சிரலாங்க. ஆளுகள எறக்கிட்டு அடிச்சிர்றேன்.”

“எந்த ஆளுகள?”

“கப்பல்ல நாப்பத்தி மூணு பேரு நிக்கிறாங்க மொதலாளி.”

“சுண்ணாம்புதானே அடிக்கப்போற? கல்லத் தூக்கிப் போடல்லயே.”

“தண்ணிக்கு நடுவுல வச்சு மூடச் சொல்றீங்களா?” என்று கேட்டார் உப்பு. எதிர்த்துப் பேசவில்லை, உண்மையாகவே கேட்டார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். “எறக்கு. சுருக்கா எறக்கு” என்றார் முதலாளி.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. பதினொரு கடலில் ஒன்றுக்கும் அக்கரை கிடையாது. அலை உண்டு, மீன் உண்டு, கப்பல் உண்டு. கரை இல்லை. இந்தியக் கரையில் இறங்கியவர் யாரும் திரும்பி வரவில்லை, உப்பு யாரிடம் கேட்பார்? இரண்டு நாள் சுவர் முன்னால் சும்மா குந்தியிருந்தார். முதலாளி வந்து வந்து பார்த்துவிட்டு, “எத்தன பேர எறக்கினான்?” என்று என்னைக் கேட்பார். “ஒருவரையும் இல்லை” என்பேன்.

மூன்றாம் நாள் கரை வந்தது. கப்பலின் மூக்குக்கு முன்னால் நீண்ட ஒரு மேடை. மேடையில் பெஞ்சு. பெஞ்சுக்கு மேல் தொங்கும் மணி. தகரக் கூரை, பூத்தொட்டி, பின்னால் மலை.

“உப்பு, இது நம்ம பதுளை ஸ்டேஷன்.”

“ஆமாங்க.”

“இந்தியாவில் இப்படியா இருக்கும்?”

“எறங்குற எடம்னா எனக்கு இது ஒண்ணுதாங்க தெரியும். கோச்சி வந்து நிக்கும், ஆளுக எறங்குவாங்க.”

செய்தி பரவியது. அந்த ஞாயிறு சந்தில் நிற்க இடமில்லை. உப்பு ஒவ்வொருவராகக் கப்பலில் மூடி, மேடையில் தீட்டினார். கட்டைக் கால் மாமாவைப் பெஞ்சில் உட்காரவைத்தார். தலைசுத்தல் பெரியம்மாவைத் தூணில் சாய்த்தார். தங்கள் ஆள் இறங்கியதும் வீட்டார் மூச்சு விடுவது காதில் கேட்டது. நமுனுகுல அம்மாள் வெகுநேரம் மேடையைப் பார்த்துவிட்டு, “அப்ப சுத்திச் சுத்தி இங்கயேதான் வந்து எறங்கிட்டாங்களா?” என்றாள். “நல்லதாப் போச்சு” என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

நாற்பத்திரண்டு பேர் இறங்கினார்கள். பச்சைச் சேலை மட்டும் கப்பலில் நின்றது.

நான் சொன்னேன், “உப்பு, அவளையும் இறக்கிவிடுங்க. நாளைக்கு வெள்ளை அடிக்க வேண்டும்.”

“மத்தவுகள எறக்கலாங்க. அவுக வீட்டாளுக கேட்டாங்க, எறக்கிட்டேன். இவள நானா எறக்கிட்டா, அப்பறம் ஸ்பிரிங்வெளிக்குப் போயி என்னான்னு விசாரிப்பேன்?”

முதலாளி பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியாது. “அந்த ஒரு முழத்த மட்டும் உடு” என்றார். “மத்ததெல்லாம் வெள்ளையா ஈக்கணும்.”

அப்படியே ஆனது. மேடை, மணி, பெஞ்சு, நாற்பத்திரண்டு பேர், ஆடு எல்லாம் சுண்ணாம்புக்குள் போனார்கள். கரையேறியவர்கள் என்பதால் உப்பு தயங்காமல் அடித்தார். வெள்ளைச் சுவரின் நடுவே ஒரு முழச் சதுரத்தில் துண்டுக் கப்பல், கொஞ்சம் தண்ணீர், ராமாயி. நாற்புறமும் நூல் பிடித்ததுபோல் நேராக விட்டிருந்தார். கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் வாப்பா சந்தில் நடந்து வந்தவர் அங்கே நின்றுவிட்டார்.

“இது யாரு?”

நான் எதையாவது சொல்லிச் சமாளிக்க வாயைத் திறந்தேன். முதலாளி முந்திக்கொண்டார். “எங்கட புள்ள. பயணத்தில ஈக்கு.”

அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். உப்பு பந்தலின் கடைசியில் புதுச் சாரம் உடுத்தி உட்கார்ந்து இரண்டு முறை பிரியாணி வாங்கிச் சாப்பிட்டார். பந்தல்கால் பக்கத்துச் சுவரைப் பார்த்தார். அன்றைக்கு மட்டும் அடக்கிக்கொண்டார்.

வெகுகாலம் கழித்து, இந்தியாவுக்குப் போக உப்பின் காகிதமும் வந்தது. நானும் முதலாளியும் ஸ்டேஷனுக்குப் போனோம். ஒரு தகரப் பெட்டி, ஒரு மூட்டை நீலப் பொடி. அங்கே கிடைக்காதோ என்ற பயம். மற்றவர்கள் கட்டிப்பிடித்து அழ, இவர் மேடையை மேலும் கீழும் நடந்து பார்த்தார்.

“பெஞ்ச இந்தப் பக்கமாப் போட்டிருக்கணும் கிளாக்கரய்யா. மாத்திப் போட்டுட்டேன்” என்றார்.

“பரவாயில்லை. எல்லாரும் இறங்கிவிட்டார்கள்தானே?”

“அதுவும் சரிதாங்க.”

முதலாளி, “கப்பல்ல கண்ண மூடிக்கிட்டுப் படு. வாந்தி வராது” என்று புத்தி சொன்னார்.

“இல்லிங்க மொதலாளி. பாத்துக்கிட்டே போகணும். மவ கேட்டா சொல்லணுமில்ல.” கோச்சி நகர்ந்தது. “சேந்ததும் சொல்லி அனுப்புறேன்” என்று கத்தினார்.

சொல்லி அனுப்பவில்லை. முதலாளி தினமும் காலையில் தபால்காரர் போன பிறகு, “வந்திச்சா?” என்று கேட்பார். பிறகு வாரத்துக்கு ஒருமுறை கேட்டார். பிறகு கேட்பதை விட்டுவிட்டு என் முகத்தை மட்டும் பார்ப்பார். உப்புக்கு எழுதத் தெரியாது, யாரைப் பிடித்து எழுதச் சொல்வார், முத்திரைக்கு எங்கே போவார் என்று நானே காரணங்கள் சொல்லிக்கொண்டேன். என்ன காரணம் சொன்னாலும் சட்டம் சட்டம்தான். சேர்ந்ததாகச் செய்தி வராத ஆள் கப்பலில் இருக்க வேண்டும். பிந்தி ஏறியவர், ஆகையால் பின்னால்.

கோழி இறகு ஒன்று தேடி எடுத்து, சதுரத்தின் மறு ஓரத்தில் அவரை நானே தீட்டினேன். எனக்குப் படம் வராது. தலை பெரிதாகிவிட்டது. முதலாளி வந்து குனிந்து பார்த்து, “பூசணிக்காய் ஏத்துமதியா, கிளாக்கர்?” என்றார். பிறகு, “கையில பெட்டி ஒண்டு ஈந்திச்சே” என்றார். பெட்டியும் வைத்தேன்.

பதினொரு கடலில் இன்று ஒன்றும் முழுதாக இல்லை. சில சுவர்கள் இடிந்தன, சிலவற்றில் சினிமாப் போஸ்டர் ஏறிவிட்டது. அந்த ஒரு முழம் மட்டும் இருக்கிறது. ராமாயியை உப்பின் கலவை அப்படியே பிடித்து வைத்திருக்கிறது. என் கலவை ஒவ்வொரு மழைக்காலத்திலும் உரிந்துபோகிறது. மழை விட்டதும் நான் முட்டிவலியோடு குந்தி அவரை மறுபடி தீட்டுகிறேன். தீட்டும்போது ஒவ்வொரு முறையும் மகள் பக்கமாக ஒரு விரற்கடை தள்ளி நிறுத்துகிறேன். முதலில் பதினான்கு விரற்கடை இடைவெளி இருந்தது. இப்போது இரண்டு. இன்னும் இரண்டு மழைக்காலம் நான் இருந்துவிட்டால் போதும்.